தீர்த்தமலை வழியாகப் போ, கண்ணு

கண்ணு,

நீ திருவண்ணாமலைக்கு நடக்கப் போகிறாய் என்பதே சித்தி சொல்லித்தான் எனக்குத் தெரியும். சரி, நல்லபடியாகப் போய் வா. ஆனால் கிருஷ்ணகிரியிலிருந்து ஊத்தங்கரை, செங்கம் வழியாக வேண்டாம். அது தேசிய நெடுஞ்சாலை. ராத்திரி பகல் பார்க்காமல் லாரி ஓடும்.

தர்மபுரிக்கு வந்துவிடு. இங்கிருந்து அரூர் 40 கிலோமீட்டர். முதல் நாள் மொரப்பூர் வரை நட, சாயங்காலம் பஸ் ஏறி வீட்டுக்கே வந்து படு. மறுநாள் விட்ட இடத்திலிருந்து நடந்தால் அரூரில் அத்தை வீடு. அப்புறம் தீர்த்தமலை, தானிப்பாடி, தண்டராம்பட்டு. வழியெல்லாம் புளியமரமும் குச்சிக்கிழங்குக் காடும்தான். இருட்டினால் மட்டும் நடக்காதே.

தீர்த்தமலையில் மேலே ஏறி, ராமர் தீர்த்தத்தில் தலையைக் கொடுத்து நில். பாறை உச்சியிலிருந்து விழுகிற தண்ணீர் உச்சந்தலையில் சுரீரென்று இறங்கும். மொட்டை போட்ட அன்று அதில் உன்னைக் காட்டினோம், நீ அழவே இல்லை. எத்தனை பேரிடம் பெருமையாகச் சொல்லியிருப்பேன்! இப்போது அழத் தோன்றினால் அழுதுவிடு, கண்ணு. கீழே வந்ததும் அரூர் பஸ்ஸைப் பிடித்து அத்தை வீட்டுக்கே திரும்பிவிடு. தனியாக வருகிற பெண்ணை லாட்ஜில் ஆயிரம் கேள்வி கேட்பார்கள்.

தீபத்தன்று போய்ச் சேராதே. கால் வைக்க இடமிருக்காது, அறையும் கிடைக்காது. மலைமேல் தீபம் 11 நாள் எரியும். நாலு நாள் தள்ளிப் போனால் கூட்டம் வடிந்திருக்கும், 14 கிலோமீட்டர் கிரிவலத்தையும் நிதானமாகச் சுற்றலாம். ரமணாசிரமத்தில் தங்குவதென்றால் முன்கூட்டியே எழுதிக் கேட்க வேண்டும், இப்போதே எழுது.

ஆடிக்கு வரவில்லை, தீபாவளிக்கும் வரவில்லை. இரண்டு பேருக்கும் எடுத்த துணி பீரோவில் மடிப்புக் கலையாமல் இருக்கிறது. போன் செய்தால் மீட்டிங் என்கிறாய். நான் எதையும் கிண்டிக் கேட்கவில்லை. நடக்கும்போதாவது போனை எடு. இருட்டினால் நடக்காதே. தனியாகப் போகத்தான் வேண்டுமா? அரூர் வரைக்கும் என் முழங்கால் தாங்கும், நானும் வருகிறேனே.

ஆசிரமத்துக்கு எழுதும்போது எத்தனை பேர் என்று குறிப்பிட வேண்டும். அத்தையும் எத்தனை பாய் விரிக்கட்டும் என்று கேட்கிறாள். நீ மட்டும்தானா, மாப்பிள்ளையும் வருகிறாரா? இதற்காவது பதில் போடு.

அம்மா