கறுப்புப் பொருக்கின் படத்தையும் போடுங்கள்

ஆசிரியருக்கு வணக்கம்.

உங்கள் சுகாதாரப் பக்கத்தில் லைம் நோய் பற்றி வந்த கட்டுரையை வாசித்தேன். நல்ல கட்டுரை. கனடாவில், ஸ்காபரோவில் இருக்கும் மச்சாளுக்கு அதைப் படம் எடுத்து அனுப்பியும் விட்டேன். பிள்ளைகளோடு அவர் நடக்கப் போகிற ரூஜ் பூங்காவில் அந்த நோயைக் காவும் கருங்கால் உண்ணி இருக்கிறது. கடித்த இடத்தைச் சுற்றி வட்டமாகச் சிவந்தால் உடனே டொக்டரிடம் காட்டச் சொன்னேன். சரி, அது அங்கத்தைய வருத்தம். ஒட்டுசுட்டானில் இருந்து வாசிக்கிற எங்களுக்கு உள்ளது உண்ணிக் காய்ச்சல். அதைப் பற்றிக் கட்டுரையில் ஒரு வரிகூட இல்லை.

போன பாலைப்பழக் காலத்தில் என் தம்பி காட்டுக்குப் போய் வந்தான். பத்து நாள் கழித்துக் காய்ச்சலும் தாங்க முடியாத தலையிடியும். முதலில் பனடோல். பிறகு ஒரு தனியார் மருத்துவரிடம் போக, அமொக்சிசிலின் தந்தார். அது இந்தக் கிருமியை ஒன்றும் செய்யாது என்பது எங்களுக்கு அப்போது தெரியாது. டெங்குக்கு இரத்தம் பார்த்தார்கள், இல்லை என்று வந்தது. எட்டாம் நாள் மூச்சு வாங்கத் தொடங்கிய பிறகுதான் ஆஸ்பத்திரிக்குக் கொண்டு ஓடினோம்.

அங்கே ஓர் இளம் டொக்டர், தங்கச்சி வயதுதான் இருக்கும், “எங்க போனனீங்கள்?” என்று கேட்டார். அதுவரை ஒருவரும் அதைக் கேட்கவில்லை, நாங்களாகச் சொல்லவுமில்லை. சாரத்தைத் தளர்த்திப் பார்த்தார். இடுப்பில் சாரம் இறுகுகிற இடத்தில், சிகரெட்டால் சுட்டது போல ஒரு கறுப்புப் பொருக்கு, சுற்றிவரச் சிவப்பு. அதுதான் உண்ணிக் காய்ச்சலின் அடையாளமாம். நோவுமில்லை, அரிப்புமில்லை. அதனால் தம்பி அதைக் கவனிக்கவே இல்லை. டொக்சிசைக்கிளின் தொடங்கி இரண்டாம் நாள் காய்ச்சல் விட்டது. வயலுக்கு இறங்குமுன் எலிக்காய்ச்சல் வராமலிருக்க பி.எச்.ஐ. (பொதுச் சுகாதாரப் பரிசோதகர்) தருகிறாரே, அதே குளிசைதான்! அதற்காக வீட்டில் மிஞ்சிக் கிடப்பதை எடுத்து விழுங்கச் சொல்லவில்லை.

டொக்டர் சொல்லித்தான் தெரியும், பற்றைக்காட்டில் இதைப் பரப்புவது மாட்டில் நாங்கள் காண்கிற உண்ணி அல்ல. கண்ணுக்கே தெரியாத சிற்றுண்ணிக் குஞ்சு அது. குடித்துவிட்டுத் தானாக விழுந்துவிடும், பிடுங்க அங்கே ஒன்றும் இருக்காது. ஆகவே காட்டால் வந்ததும் உடுப்பைக் கழற்றித் தோய்க்கப் போட்டுவிட்டு, சவர்க்காரம் போட்டு நன்றாக உரஞ்சிக் குளிக்க வேண்டும். போகும்போது நீளக் காற்சட்டை, அதன் நுனியைக் காலுறைக்குள் செருகிச் சப்பாத்து. வைகாசி வெயிலில் இதைச் சொன்னால் சனம் சிரிக்கும், தெரியும். குறைந்தது பற்றைக்குள் சாரத்தை விரித்துப் படுக்காமலாவது இருக்கலாம்.

மாட்டு உண்ணியும் சும்மா இல்லை. அதிலிருந்தும் வேறொரு வகைக் காய்ச்சல் வரும். பட்டியில் பிடுங்குகிற உண்ணியைப் பெருவிரல் நகத்தில் வைத்து நசுக்குகிற பழக்கம் எனக்கும் உண்டு, இப்போது விட்டுவிட்டேன். ஆளில் ஏறிக் கடித்தால் மண்ணெண்ணெய், சுண்ணாம்பு, நெருப்புக்குச்சி ஒன்றும் வேண்டாம். கூர்நுனிச் சாவணத்தால் தோலோடு ஒட்டிப் பிடித்து, திருகாமல் நேரே மெதுவாக இழுத்து எடுக்க வேண்டும். காதுக்குள் போய்விட்டால் ஈர்க்கால் கிண்டாமல் ஆஸ்பத்திரிக்குப் போங்கள். அம்மாவுக்கு நாங்கள் கிண்டப் போய்ப் பட்ட பாடு தனிக்கதை.

காய்ச்சல் என்று போகிறவர்கள் “காட்டுக்குப் போனேன், விறகு எடுத்தேன், மாடு சாய்த்தேன்” என்று முதலிலேயே சொல்லிவிட வேண்டும். போகுமுன் கமக்கட்டு, தொடையிடுக்கு, இடுப்பு, காதுக்குப் பின்புறம் எல்லாம் வீட்டில் யாராவது ஒருவர் பார்த்துவிடுங்கள்.

லைம் நோயின் சிவப்பு வட்டத்தைக் கலரில் பெரிதாகப் போட்டிருந்தீர்கள். அடுத்த கிழமை அந்தக் கறுப்புப் பொருக்கின் படத்தையும் அதே அளவில் போடுங்கள். வெட்டி எங்கள் சந்திக் கடைச் சுவரில் ஒட்டுவது என் பொறுப்பு.

இப்படிக்கு,
ஒரு வாசகன்,
ஒட்டுசுட்டான்.