ஒரே எழுத்து தொடர்ந்தால் தடுமாற்றம்

ஆசிரியர் அவர்களுக்கு,

டி.என்.ஏ.வில் தகவல் சேமிப்பு பற்றிய செய்திகள் ‘ஒரு கிராமில் 215 பெட்டாபைட்’ (ஒரு பெட்டாபைட் என்றால் பத்து லட்சம் ஜிகாபைட்) என்பதோடு நின்றுவிடுகின்றன. சிக்கல் அதற்குப் பிறகுதான். கணினியின் 0, 1 குறிகளை டி.என்.ஏ.வின் நான்கு வேதி எழுத்துகளாக (ஏ, சி, ஜி, டி) மாற்ற வேண்டும். 00 என்றால் ஏ, 01 என்றால் சி என்று நேராக எழுதினால் ஒரே எழுத்து வரிசையாக வந்து விழும். படிக்கும் கருவி எண்ணிக்கையில் தடுமாறும்.

2013-இல் இங்கிலாந்தின் ஹிங்ஸ்டனில் ஷேக்ஸ்பியரின் 154 சானெட் கவிதைகளை டி.என்.ஏ.வில் பதித்த குழு, தகவலை முதலில் 0, 1, 2 என்ற மூன்று எண்களாக மாற்றியது. முந்தைய எழுத்தை விட்டு மற்ற மூன்றில் ஒன்றையே ஒவ்வொரு எண்ணுக்கும் வைத்தார்கள். ஒரு டி.என்.ஏ. இழைக்கு 117 எழுத்து, அதில் தகவல் 100. அடுத்த இழை 25 எழுத்து தள்ளித் தொடங்கியதால் ஒவ்வொரு துண்டுக்கும் நான்கு பிரதிகள். அப்படியும் ஐந்து கோப்புகளில் ஒன்றில் இரண்டு இடங்களில் ஓட்டை; கையால்தான் அடைத்தார்கள். பின்னால் வந்தவர்கள் ரீட்-சாலமன் என்ற கணிதவழிப் பிழைதிருத்தத்துக்குப் போனார்கள் (கீறல் விழுந்த சி.டி. பாடுவதும் அதனால்தான்).

செலவு பெரும்பாலும் எழுதுவதில்தான். எழுத்தெழுத்தாக வேதிமுறையில் ஒட்ட வேண்டும். ஒவ்வொரு ஒட்டும் 99.5 சதவீதம் வெற்றி என்றாலும், 200 எழுத்து முடியும்போது முழு இழையாக மிஞ்சுவது சுமார் 37 சதவீதமே.

- வாசகர், திருச்சி