தாளில் மாற்று, துணியில் அல்ல

அன்புள்ள மகளுக்கு,

உடை வெட்டுவதற்கான அந்த ஜப்பானியப் பேட்டர்ன் தாளை விரித்ததும் தலை சுற்றியதாகப் போனில் சொன்னாய். சுற்றத்தான் செய்யும். பல உடைகளின் கோடுகள் ஒரே தாளில் ஒன்றன்மேல் ஒன்றாக ஓடும். உன் உடையின் துண்டுகளைக் கண்டுபிடித்து, உன் அளவுக்கான கோட்டின் மேல் மட்டும் கலர் பென்சிலை ஓட்டிவிடு. அப்புறம் டிரேசிங் தாளை வைத்து நகலெடு. மூலத்தாளில் கத்தரியை வைக்காதே, மற்ற உடைகளும் அதோடு போய்விடும்.

மொழி தெரியாதது பெரிய விஷயமில்லை, படங்களே முக்கால்வாசி சொல்லிவிடும். தைக்கும் வரிசைக்கு எண் போட்டிருப்பார்கள். நீண்ட அம்புக்குறி நெடுக்கு நூலின் திசை. ஓரத்தில் 'வ' என்று படிக்கும் ஒற்றை எழுத்து (わ) இருந்தால் அங்கே துணி மடிப்பாக இருக்க வேண்டும், வெட்டக் கூடாது. அளவெல்லாம் சென்டிமீட்டரில்தான்.

இதை மட்டும் மறக்காதே: இந்தத் தாள்களில் பெரும்பாலும் தையலுக்கு விடும் துணி சேர்ந்திருக்காது. கோட்டோடு வெட்டினால் உடை உடம்பில் ஏறாது. துணியைப் பரப்பி வெட்டும் படத்தில் ஓரமாக 1, 3 என்று சின்ன எண்கள் இருக்கும். பக்கங்களுக்கு 1 சென்டிமீட்டர், கீழ் மடிப்புக்கு 3 என்று அதைப் பார்த்துச் சேர்த்துக்கொள்.

சரி, உன் உடம்புக்கு வருவோம். ஜப்பானிய சைஸில் 9-ம் எண் என்பது ஏறக்குறைய 83 சென்டிமீட்டர் மார்பளவுக்கு. கடையில் நீ வாங்கும் சைஸை மறந்துவிட்டு, டேப்பால் அளந்து அட்டவணையோடு ஒப்பிடு. தொளதொள உடைதான், ஒரு சைஸ் குறைத்துக்கொள்ளலாம் என்று நினைக்காதே. உனக்கு உன் அப்பாவின் தோள்.

உயரமும் அவருடையதுதான். அதற்காகக் கீழே மட்டும் நீளம் கூட்டினால் இடுப்பும் பாக்கெட்டும் மேலேயே நின்றுவிடும். கைக்குழிக்கும் இடுப்புக்கும் நடுவில் பேட்டர்னைக் குறுக்காக வெட்டி, வேண்டிய அளவு விலக்கி, இடையில் வேறு தாளை ஒட்டிப் பக்கக் கோட்டை நேராக்கு. மீதி நீளத்தை இடுப்புக்குக் கீழே இதே மாதிரி கொடு.

சுற்றளவு கொஞ்சம் போதவில்லை என்றால், பேட்டர்னின் நடுக்கோட்டைத் துணியின் மடிப்பிலிருந்து 1 சென்டிமீட்டர் தள்ளி வை. முன்னால் 2, பின்னால் 2, ஆக மொத்தம் 4 கிடைக்கும். ஆனால் கழுத்தும் அதே அளவு அகலும். முன்கழுத்தின் நடுவில் சின்னச் சுருக்கம் வைத்துவிடு, அழகாகவும் இருக்கும். பின்கழுத்தில் இரண்டு பக்கமும் சிறு மடிப்பு போதும். இதற்கு மேல் தேவைப்பட்டால் தள்ளி வைக்காதே, அடுத்த சைஸ் கோட்டுக்குப் போ.

கழுத்து ஓரத்துக்கு வைத்துத் தைக்கும் கிராஸ் பீஸ் பட்டையைத் துணியில் மூலைவாக்கில், சாய்வாகத்தான் வெட்டணும். நேராக வெட்டினால் வளைவில் படியாது. தைக்கும்போது அதை லேசாக இழுத்துப் பிடி, கழுத்துத் துணியை இழுக்காதே. திருப்புவதற்கு முன் வளைவில் சின்னச் சின்ன வெட்டுக் கொடு, தையல் வரை போய்விடாமல்.

நல்ல காட்டனை இப்போதே நனைத்துக் காயவைத்து இஸ்திரி போட்டு வை, தைத்த பிறகு சுருங்கினால் ஒன்றும் செய்ய முடியாது. அதற்குள் ஒரு பழைய பெட்ஷீட்டில் தைத்துப் போட்டுப் பார். கையைத் தூக்கு, உட்கார், குனி. முதுகுப் பக்கத்தையும் யாரையாவது போட்டோ எடுக்கச் சொல்லி அனுப்பு. தோளுக்குக் கீழே துணி குறுக்காக இழுக்கிறதா என்று நான் பார்க்கணும்.

அன்புடன்,
அம்மா