ஐப்பசி மழையில் ஒரு வகுப்பு வையுங்கள்: பெர்மாகல்ச்சர் பயிற்சி நடத்தும் பண்ணைகளுக்கு ஒரு திறந்த மடல்

தமிழ்நாட்டிலும் புதுச்சேரியிலும் பெர்மாகல்ச்சர் (இயற்கையின் போக்கைப் பார்த்து நிலத்தையும் வாழ்விடத்தையும் நிலைத்து நிற்கும்படி வடிவமைக்கும் முறை), இயற்கை வேளாண்மை, மண் வீடு கட்டுதல், விதை சேமிப்பு என்று நேரடிப் பயிற்சி நடத்திவரும் பண்ணைக்காரர்களுக்கும் பயிற்றுநர்களுக்கும் வணக்கம்.

உங்கள் பயிற்சிகளில் உட்கார்ந்து, நின்று, குனிந்து கற்றவர்களில் நானும் ஒருவர். மண்வெட்டியை இடுப்பு வலிக்காமல் பிடிக்கவும், ஈர மண்ணை உருட்டிப் பார்த்து களி எவ்வளவு மணல் எவ்வளவு என்று குத்துமதிப்பாகச் சொல்லவும் நீங்கள்தான் பழக்கினீர்கள். அந்த நன்றியோடு ஒரே ஒரு கோரிக்கை வைக்கிறேன். பயிற்சியை ஒரே மூச்சில் முடித்துவிடாதீர்கள். அதே ஆட்களை ஓராண்டுக்குள் மூன்று தடவை அதே நிலத்துக்கு வரவழையுங்கள். அதில் ஒரு தடவை மழைக்காலமாக இருக்கட்டும்.

இப்போது என் கண்ணில் படும் அறிவிப்புகளில் பெரும்பாலானவை மார்கழி முதல் மாசி வரைக்கானவை. காரணம் புரிகிறது. வெயில் தணிந்திருக்கும், சேறு இருக்காது, வெளியூர்க்காரர்கள் வந்து தங்க வசதி, மழை முடிந்து பண்ணையும் பசேலென்று இருக்கும். ஆனால் நம் மாநிலத்தின் ஆண்டு மழையில் ஏறக்குறைய பாதி அக்டோபர் முதல் டிசம்பர் வரையிலான வடகிழக்குப் பருவமழையில்தான் கிடைக்கிறது. தண்ணீரை நிலத்தில் பிடித்து வைப்பதைப் பற்றிய பாடத்தை, தண்ணீர் வந்து போன பிறகு நடத்துகிறோம்.

சரிவில் ஓடும் மழைத்தண்ணீரைத் தடுத்து நிறுத்த ஒரே மட்டத்தில் போடும் சமமட்ட வரப்பையே எடுத்துக்கொள்வோம். இரண்டு ஆளுயரக் கம்புகளின் தலையைச் சேர்த்துக் கட்டி, கால்களை அகட்டி, நடுவில் குறுக்கே ஒரு கம்பு கட்டுகிறோம். உச்சியிலிருந்து ஒரு கயிறு, கயிற்று நுனியில் ஒரு கல். கல் ஆட்டம் நின்றதும் குறுக்குக் கம்பில் கயிறு படும் இடத்தில் ஒரு கோடு. அப்புறம் இரண்டு கால்களையும் இடம் மாற்றி வைத்து இன்னொரு கோடு. இரண்டுக்கும் சரிபாதியில் மூன்றாவது கோடு போட்டால் அதுதான் மட்டம். பிறகு சரிவில் ஒரு காலை ஊன்றி, மறு காலை மேலும் கீழும் நகர்த்தி, கயிறு நடுக்கோட்டில் வந்து நிற்கிற இடத்தில் முளைக்குச்சி அடித்துக்கொண்டே போகிறோம். காற்றடித்தால் கல் ஆடும். ஒருவர் துண்டை விரித்து மறைத்துக்கொண்டு நிற்க வேண்டும். மதியத்துக்குள் நிலத்தில் வளைந்து வளைந்து ஒரு முளை வரிசை நின்றுவிடும். நகரத்தில் வளர்ந்த ஒருவருக்கு, அதுவரை சமதரையாகத் தெரிந்த நிலம் சரிவாகத் தெரியத் தொடங்குவது அன்றைக்குத்தான். இதைச் சொல்லித் தருவதில் உங்களுக்கு இணையே இல்லை.

அதன் பிறகு முளைகளை ஒட்டி அகழி வெட்டி, வெட்டிய மண்ணைக் கீழ்ப்பக்கம் வரப்பாகப் போடுகிறோம். படம் எடுத்துக்கொள்கிறோம். சான்றிதழ் வாங்கிக்கொண்டு பேருந்து ஏறுகிறோம். எந்தத் தண்ணீருக்காக அந்த வரப்பைப் போட்டோமோ அந்தத் தண்ணீரை நாங்கள் பார்ப்பதே இல்லை.

ஒரு ஏக்கரில் 5 சென்டிமீட்டர் மழை பெய்தால் அங்கே விழும் தண்ணீர் சுமார் இரண்டு லட்சம் லிட்டர். 12,000 லிட்டர் தண்ணீர் லாரியில் கணக்குப் போட்டால் பதினாறு லாரிக்கு மேல். ஐப்பசி, கார்த்திகையில் ஒரே இரவில் இவ்வளவு கொட்டுவது நம் பக்கம் அதிசயமில்லை. மேல்காட்டிலிருந்து ஓடி வருவது தனிக்கணக்கு. இந்த எண்ணைப் பலகையில் எழுதிக் காட்டினால் தலையாட்டிவிட்டு மறந்துவிடுவோம். மழையில் வரப்போரம் நின்று பார்த்தவர் மறக்க மாட்டார். முளை அடித்தபோது இரண்டு விரற்கடை பிசகிய இடம் எது என்று தண்ணீரே காட்டிக்கொடுக்கும். அந்த இடத்தில்தான் வரப்பின் தலை முதலில் நனையும். விரல் அகலத்துக்கு ஒரு வழிசல் தொடங்கும். மேல்மண் கரையக் கரைய அது முழங்கை அகலமாகும். மண்வெட்டியோடு ஓடிப்போய் அடைப்பதா, இல்லை வேறு பக்கம் வெட்டி விடுவதா என்று அந்த நிமிடத்தில் முடிவெடுக்க வேண்டியிருக்கும். அப்படி ஒரு கால் மணி நேரம் எங்களுக்குக் கிடைக்க வேண்டும் என்பதற்காகத்தான் இந்த மடலே.

கலிங்கு எதற்கு என்பது அப்போது யாரும் விளக்காமலே புரிந்துவிடும். நம் ஏரி, கண்மாய் எதை எடுத்தாலும் கரையும் மடையும் எவ்வளவு முக்கியமோ, மிச்சத் தண்ணீர் வழிந்தோடும் கலிங்கும் அவ்வளவு முக்கியம். நிறைந்த பிறகு தண்ணீர் எங்கே போகும் என்று தீர்மானித்துக்கொண்டுதான் கரை எழுப்பினார்கள். பயிற்சியில் வெட்டும் சின்ன வரப்புக்கும் அதே கணக்குதான். ஓரிடத்தில் தலையைத் தாழ்த்தி விட்டு, கல் பதித்து, வெட்டிவேர் நட்டு, வழியும் தண்ணீர் அடுத்த வரப்பின் அகழிக்குள் போய்ச் சேரும்படி விட வேண்டும். உங்களில் பலர் இதைச் சொல்லத்தான் செய்கிறீர்கள். ஆனால் காய்ந்த நிலத்தில் சொன்னால் அது காதோடு போய்விடுகிறது. ஊருக்குத் திரும்பியதும் ஜேசிபி வைத்து நீளமாக அகழி வெட்டி, வழிய இடம் விடாமல், முதல் கனமழையில் வரப்பு உடைந்து, கீழ்க்காட்டுக்காரரின் கடலைச் செடியை மண் மூடிய சண்டையைப் பார்த்திருக்கிறேன். இரண்டு குடும்பத்துக்கும் இன்றுவரை பேச்சு வார்த்தை இல்லை.

மண்ணுக்கு மண் பாடம் மாறுவதும் மழையில்தான் தெரியும். செம்மண்ணில் சில மணி நேரத்தில் இறங்கிவிடும் தண்ணீர் கரிசலில் நாள்கணக்கில் நிற்கும். அதே அகழியை விருதுநகர் பக்கத்துக் கரிசலில் வெட்டி, ஓரத்தில் பப்பாளியும் முருங்கையும் நட்டால் வேர் அழுகிப் போகும். அங்கே தண்ணீரைத் தேக்குவதைவிட, மெதுவாக நடத்தி வெளியே விடுவதுதான் பெரிய வேலை.

தண்ணீர் மட்டுமல்ல, மற்ற பாடங்களும் காத்திருந்து பார்க்க வேண்டியவைதான். சுவர்ப் பூச்சுக்கு ஒரு பங்கு மண்ணுக்கு ஒரு பங்கு மணல், இரண்டு பங்கு, மூன்று பங்கு என்று தனித்தனிக் கட்டமாகப் பூசிப் பார்க்கச் சொல்கிறீர்கள். நல்ல முறை. ஆனால் சுவர் ஈரமாக இருக்கும்போதே நாங்கள் கிளம்பிவிடுகிறோம். எந்தக் கட்டம் வெடித்தது, எது கையோடு உதிர்ந்தது என்று காய்ந்த பிறகுதானே தெரியும்? மட்கு எருவும் அப்படித்தான். குவித்த அன்று எல்லாக் குவியலும் ஒன்று போலத்தான் இருக்கும். சில நாள் கழித்து உள்ளே கை விட்டால் சுடுகிறதா, புரட்டும்போது காட்டு மண் வாசனை வருகிறதா, இல்லை அழுகல் நாற்றமா என்பதில் இருக்கிறது பாடம். மண்ணுக்கு உரமாகப் பலதானியம் விதைப்போம், பூக்கும் நேரத்தில் அதை மடக்கி உழுவதைப் பார்க்க மாட்டோம். மண்ணை மூட இலைதழையால் மூடாக்கு போடுவோம், பங்குனி வெயிலில் அதில் கரையான் ஏறுவதையும், அதற்கு அடியில் மண் குளுகுளுவென்று இருப்பதையும் பார்க்க மாட்டோம்.

நான் கேட்பது புதிதும் அல்ல. 1978இல் டாஸ்மேனியாவில் பில் மாலிசனும் டேவிட் ஹோம்கிரனும் பெர்மாகல்ச்சரை முன்வைத்தபோதே, நிலத்தை நெடுநாள் கவனித்துப் பார்ப்பதுதான் அதன் அடிப்படை. ஹோம்கிரன் பின்னாளில் வகுத்த பன்னிரண்டு கோட்பாடுகளில் முதலாவதும் கவனிப்பதைப் பற்றியதே. ஆரோவில்லைப் பாருங்கள். 1968க்குப் பிறகு அங்கே குடியேறியவர்கள் கண்டது மழைக்கு மழை மண் அரித்து ஓடிய செம்மண் மேடு. சுற்றுவட்டாரக் கிராமத்து மக்களும் சேர்ந்து உழைத்து வரப்பும் தடுப்பும் போட்டு மண்ணைப் பிடித்து நிறுத்தியதால்தான் அங்கே மரம் நிலைத்தது. எந்த மழையில் எந்தக் கரை நின்றது, எது போனது என்று ஆண்டுக்கணக்கில் பார்த்துப் பார்த்துத் திருத்தியதன் பலன் அந்தக் காடு. இயற்கை வேளாண் அறிஞர் நம்மாழ்வார் ஐயா 1963இல் கோவில்பட்டி ஆராய்ச்சி நிலையத்தில் வேலைக்குச் சேர்ந்தார். அங்கே நடக்கும் ஆராய்ச்சி மானாவாரி விவசாயிக்குப் பயன்படவில்லை என்று 1969இல் வெளியே வந்தார். வானத்தைப் பார்த்து விதைக்கிறவருக்கு என்ன தேவை என்ற கேள்வியை அவர் கடைசிவரை விடவில்லை. கரூர் மாவட்டத்தின் வறண்ட கடவூரில் வானகம் பண்ணையை அமைத்ததும் அதே கேள்வியின் தொடர்ச்சி என்றுதான் நான் நினைக்கிறேன்.

பருவம் முழுக்கக் கற்பது நடைமுறைக்கு வருமா என்று கேட்பவர்களுக்கு இந்தோனேசியாவின் வயல்வெளிப் பள்ளியைச் சொல்வேன். அங்கே நெல்லில் மருந்து அடிக்க அடிக்கப் புகையான் பூச்சி பெருகியது. அதைத் தின்னும் சிலந்திகளும் நன்மை செய்யும் பூச்சிகளும் முதலில் செத்ததுதான் காரணம். 1986இல் அந்த அரசு நெல்லுக்கு 57 பூச்சிக்கொல்லிகளைத் தடை செய்தது. தடை மட்டும் போதாது என்று 1989இல் ஐ.நா. உணவு வேளாண் அமைப்பின் துணையோடு பள்ளிகள் தொடங்கின. சுமார் இருபத்தைந்து விவசாயிகள் ஒரு குழு. வாரம் ஒரு காலை, ஒரு நெற்பருவம் முழுக்க. வயலில் இறங்கி, தூரைப் பிரித்து, பூச்சிகளை எண்ணி, கண்டதைப் பெரிய தாளில் வரைந்து, மருந்து தேவையா இல்லையா என்று அவர்களே பேசி முடிவெடுத்தார்கள். நம் வேளாண்துறையின் அட்மா திட்டத்தில் நடக்கும் பண்ணைப் பள்ளியும் ஒரு பயிரை அதன் பருவம் நெடுகப் பின்தொடரும் அமைப்புதான். விவசாயிகளால் முடிந்தது எங்களாலும் முடியும்.

உங்கள் தரப்பு சிரமங்களும் தெரியும். பயிற்சிக் கட்டணம்தான் பல பண்ணைகளுக்குச் சம்பளம் கொடுக்கிறது. வருபவர்களில் பாதிப்பேர் சனி, ஞாயிறை விட்டால் லீவு கிடைக்காதவர்கள். ஆனால் பெர்மாகல்ச்சர் வடிவமைப்புப் பாடம் 72 மணி நேரம் என்பதை மூன்றாகப் பிரித்தால் 24 மணி நேரம்தான். ஒரு வெள்ளி, சனி, ஞாயிறு போதும். ஆடியில் மட்டம் பார்த்து வரப்பு, விதைப்பு. ஐப்பசியில் மழையும் மரம் நடுதலும். மாசி அல்லது பங்குனியில் மூடாக்கு, எரு, சுவர், விதை. கட்டணத்தையும் மூன்று தவணையாக வாங்கிக்கொள்ளுங்கள். இரண்டாம் தடவைக்குப் பலர் வராமல் போவார்கள் என்ற பயம் நியாயமானது. அதற்கு ஒரு வழி, முதல் வகுப்பிலேயே ஒவ்வொருவருக்கும் பத்தடிக்குப் பத்தடி இடத்தைப் பேர் எழுதி ஒதுக்கிவிடுவது. தன் பாத்தி என்ன ஆயிற்று என்று பார்க்க மனுஷன் வராமல் இருக்க மாட்டான். ஆடியில் நாட்டு வெண்டை விதை ஒரு கைப்பிடி கொடுத்தனுப்புங்கள். மாசியில் வரும்போது தன் வீட்டில் முற்றவிட்டு எடுத்த விதையை அவரவர் திருப்பித் தர வேண்டும் என்று நிபந்தனை வையுங்கள். எனக்குத் தெரிந்து அதைவிட நல்ல தேர்வு கிடையாது. கன்னியாகுமரி, நீலகிரிப் பக்கம் இந்த மாதக்கணக்கு மாறும். அங்கே இருப்பவர்கள் தென்மேற்குப் பருவமழையை வைத்துத் திட்டமிட்டுக்கொள்ளலாம்.

இன்னொன்றையும் இதோடு சேர்த்தே கேட்கிறேன். மழை வகுப்புக்கு உங்கள் ஊர்க்காரர்களை ஆசிரியர்களாக உட்கார வையுங்கள். கண்மாய் மடையைத் திறந்து அடைத்த நீர்க்கட்டி, நூறு நாள் வேலையில் வாய்க்கால் தூர்வாரிய, வரப்பு போட்ட அக்காமார்கள், ஆட்டை ஓட்டிக்கொண்டு அந்தச் சரிவில் தினமும் நடக்கிறவர், இவர்களுக்கெல்லாம் எந்த மழையில் எந்தப் பக்கம் தண்ணீர் திரும்பும் என்பது மனப்பாடம். இப்போது அவர்கள் உங்கள் பண்ணைகளில் குழி வெட்டவும் சமைக்கவும் வருகிறார்கள். நாங்கள் அவர்களிடம் டீ வாங்கிக் குடிக்கிறோம், பாடம் கேட்பதில்லை. ஒரு மணி நேரம் அவர்கள் முன்னால் நடக்க, நாங்கள் பின்னால் நடந்து கேட்டுக்கொள்கிறோம். அந்த ஒரு மணி நேரத்துக்கு, வெளியூரிலிருந்து வரும் பயிற்றுநருக்கு என்ன தருவீர்களோ அதையே அவர்களுக்கும் கொடுங்கள். அவர்கள் வீட்டுப் பிள்ளைகள் யாராவது கற்க விரும்பினால் இடம் இலவசமாக இருக்கட்டும். நாளைக்கு அந்த வட்டாரத்தில் வரப்பு நிற்பதும் நிற்காததும் அவர்கள் கையில்தான் இருக்கிறது.

உடைந்த வரப்பையும் செத்த கன்றையும் எங்களுக்குக் காட்டத் தயங்காதீர்கள். மாசியில் போகும்போது எல்லாம் சரிசெய்து அழகாக இருக்கிறது. எங்களுக்குத் தேவை அதற்கு மூன்று மாதம் முந்தைய பண்ணை.

ஐப்பசி வகுப்புக்கு ஆடியிலேயே தேதி குறிப்பது கடினம் என்பதும் தெரியும். எந்த இரண்டு வாரத்துக்குள் இருக்கும் என்று மட்டும் சொல்லிவிடுங்கள். வானிலை மையம் கனமழை என்று அறிவித்ததும், இடிமின்னல், வெள்ளம் என்ற அபாயம் இல்லை என்று பார்த்துக்கொண்டு, இரண்டு நாள் முன்னால் ஒரு செய்தி அனுப்புங்கள். கட்டணத்தை முன்பே கட்டிவிட்டு, பையைத் தயாராக வைத்துக்கொண்டு காத்திருக்கச் சம்மதிப்பவர்களை என் சுற்றத்திலிருந்தே ஒரு வகுப்புக்குத் திரட்டித் தருகிறேன். எந்தப் பண்ணை முதலில் சரி என்கிறதோ அங்கே வருகிறோம். தங்க ஓலைக் கொட்டகை போதும், மழைக்கோட்டும் மண்வெட்டியும் நாங்களே கொண்டுவருகிறோம்.

அன்புடன்,
உங்கள் பயிற்சிகளில் கற்ற ஒருவர்