மீட்டருக்குள் செப்புக் கம்பி வேண்டாம், உரிய பியூஸ் வேண்டும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். மோட்டார் காயில் கட்டுவோர், கிணற்று மோட்டார் பழுது பார்ப்போர், வீட்டு வயரிங் செய்வோர் எனத் திருநெல்வேலிச் சீமையில் மின்வேலை பார்க்கும் எங்களில் ஒவ்வொருவர் பையிலும், வோல்டேஜும் கரண்டும் அளந்து பார்க்கும் ஒரு டிஜிட்டல் மல்டிமீட்டர் இருக்கும். அது பழுதானால் உரிய உதிரிபாகம் உள்ளூரில் கிடைப்பதில்லை. கிடைக்காத குறைக்கு நாங்கள் செய்துகொள்ளும் மாற்று ஏற்பாடு எங்கள் கைக்கும் கண்ணுக்கும் ஆபத்தாக முடியக்கூடியது என்பதால் இக்கடிதத்தை எழுதுகிறேன்.

2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் பெய்த பெருமழையில் தாமிரபரணி கரைபுரண்டபோது, சிந்துபூந்துறைப் பக்கம் இருக்கும் என் பட்டறைக்குள்ளும் வெள்ளம் புகுந்தது. மேசை இழுப்பறையில் இருந்த மீட்டர் இரண்டு நாள் வண்டல் தண்ணீரில் கிடந்தது. தூக்கிப்போட மனமில்லாமல் திருகுகளைக் கழற்றிப் பார்த்தேன். பேட்டரி முனைகளில் பச்சைக் களிம்பு ஏறியிருந்தது. எதை அளப்பது என்று திருகித் தேர்ந்தெடுக்கும் செலக்டர் சுவிட்சின் வட்டத் தடங்களில் சந்தனம் பூசியதுபோல் வண்டல் படிந்திருந்தது. டிஸ்ப்ளேயைத் தனியே எடுத்து வைத்துவிட்டு, போர்டை நல்ல தண்ணீரிலும், பிறகு பேட்டரிக் கடையில் விற்கும் டிஸ்டில்டு வாட்டரிலும், கடைசியாக ஐசோபுரோப்பைல் ஆல்கஹாலிலும் கழுவி, நிழலில் நான்கு நாள் உலர்த்தினேன். சுவிட்சுத் தடங்களை மென்மையான பிரஷ்ஷால் மட்டுமே துடைத்தேன். அந்தத் தடங்களின்மேல் மெல்லிய தங்கமுலாம் உண்டு. அவசரப்பட்டு உப்புத்தாள் போட்டுத் தேய்த்தால் முலாம் போய், சுவிட்சு சீக்கிரமே நிலையில்லாமல் காட்டத் தொடங்கிவிடும்.

திரும்பப் பூட்டியபோது மீட்டர் உயிர் பெற்றது. ஆனால் எண்களில் சில கோடுகள் தெரியவில்லை; எட்டு என்பது ஆறாகத் தெரிந்தது. டிஸ்ப்ளேக் கண்ணாடிக்கும் போர்டுக்கும் நடுவே ஒரு ரப்பர் பட்டை இருக்கும். மின்சாரம் கடத்தும் கறுப்பு அடுக்கும் கடத்தாத அடுக்கும் மாறி மாறி வருவதால் அதை ஜீப்ரா பட்டை என்கிறோம். அதன் இரு விளிம்புகளையும் ஆல்கஹால் தொட்ட துணியால் துடைத்து, திருகுகளைச் சமமாக முறுக்கியதும் எல்லாக் கோடுகளும் வந்துவிட்டன. இதுவரை எனக்கு எந்த உதிரிபாகமும் தேவைப்படவில்லை, பொறுமைதான் தேவைப்பட்டது.

தேவை வந்தது அதற்கடுத்த மாதம். என்னிடம் வேலை பழகும் தம்பி, ஒரு மோட்டாரின் கரண்டைப் பார்த்துவிட்டு, மீட்டரில் செருகும் சோதனைக் கம்பிகளில் ஒன்றான சிவப்பு லீடை, கரண்ட் அளப்பதற்கான 10 ஆம்பியர் துளையிலேயே விட்டுவிட்டு, மூன்று பேஸ் பேனலில் வோல்டேஜ் பார்க்க முனைகளை வைத்துவிட்டார். உள்ளே 'பட்' என்று ஒரு சத்தம், அவ்வளவுதான். அவருக்கு ஒரு கீறலும் இல்லை. பியூஸ் மட்டும் போயிருந்தது.

ஏன் கீறல்கூட இல்லை என்பதைக் கொஞ்சம் விளக்க வேண்டும். 10 ஆம்பியர் துளைக்கும் கறுப்பு லீடு செருகும் காம் துளைக்கும் இடையே இருப்பது ஓர் ஓமில் நூறில் ஒரு பங்கு அளவே தடையுள்ள ஒரு கம்பிதான். அதை இரண்டு பேஸ்களுக்கு நடுவே வைப்பதும், இரண்டு பேஸ்களையும் நேராக முட்டவிடுவதும் ஒன்றே. நம் ஊர்களில் நிற்கும் 100 கேவிஏ டிரான்ஸ்பார்மரின் முழுச்சுமைக் கரண்ட் ஏறத்தாழ 133 ஆம்பியர். அதன் இம்பீடன்ஸ், அதாவது கரண்டுக்கு அது உள்ளே தரும் தடை, 4.5 சதவீதம் என்று வைத்துக் கணக்கிட்டால், டிரான்ஸ்பார்மர் அருகில் ஷார்ட் ஆகும்போது சுமார் 3,000 ஆம்பியர் பாயும். நல்ல மீட்டரில் இருப்பது 11 ஆம்பியர், 1,000 வோல்ட் தாங்கும் பீங்கான் பியூஸ். அதன் உள்ளே நிரப்பியிருக்கும் மணல், இழை உருகும்போது எழும் தீப்பொறியை அணைத்துக் கரண்டை அறுத்துவிடும். ரேடியோக்களில் போடும் 20 மில்லிமீட்டர் நீளக் கண்ணாடிக் குழாய் பியூஸ் அப்படிப்பட்டதன்று. குறைந்த அறுக்கும் திறனுள்ள வகையில், 10 ஆம்பியர் பியூஸ் பாதுகாப்பாக அறுக்கக்கூடியது 100 ஆம்பியர்தான். அதற்கு மேல் போனால் குழாய் வெடிக்கலாம். இழை உருகிய பிறகும் பொறி வழியாகக் கரண்ட் ஓடிக்கொண்டே இருக்கலாம். அப்போது வெடிப்பது நாம் கையில் பிடித்திருக்கும் மீட்டர்.

அந்தப் பீங்கான் பியூஸைத் தேடி ஜங்ஷனிலும் வண்ணார்பேட்டையிலும் பாளையங்கோட்டையிலும் கடை கடையாக ஏறி இறங்கினேன். சில கடைகளில் கண்ணாடி பியூஸை எடுத்து நீட்டினார்கள். ஒரு கடையில் இருந்தவர், எனக்கு நல்லது செய்வதாக நினைத்து, "அண்ணாச்சி, இதுக்குப்போயி ஏன் அலையுதிய? வயர்ல ஒரு இழையைப் பிரிச்சுச் சுத்திவிடுங்க, எல்லாரும் அப்படித்தான் ஓட்டுதாவ" என்றார். அவர் சொன்னதில் பொய்யில்லை. என் பட்டறைக்குப் பழுதென்று வந்த மீட்டர்களைத் திறந்தபோது, பியூஸ் இருக்க வேண்டிய இடத்தில் செப்பு இழை சுற்றியிருந்ததை நான் பலமுறை பார்த்திருக்கிறேன். ஒன்றில் சிகரெட் பெட்டியின் ஈயத்தாளைச் சுருட்டி வைத்திருந்தார்கள். வைத்தவரைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. மறுநாள் வேலைக்குப் போகவேண்டுமே என்ற நெருக்கடியில் செய்தது அது. முடிவில் நான் வெளியூரிலிருந்து கூரியரில் வரவழைத்தேன். ஒன்பது நாள் ஆயிற்று.

பியூஸ் மட்டுமன்று, லீடும் அப்படித்தான். செருகியின் கழுத்தில் மடங்கி மடங்கி உள்ளே கம்பி அறுந்திருக்கும். மேலுறை முழுதாக இருப்பதால் கண்ணுக்குத் தெரியாது. அத்தகைய லீடை வைத்து லைனில் கரண்ட் இல்லை என்று நம்பிக் கைவைப்பதைப் போன்ற ஆபத்து வேறில்லை. அதனால் இளைய தொழிலாளர்களுக்கு நான் எப்போதும் சொல்வது, முதலில் கரண்ட் இருப்பது உறுதியாகத் தெரிந்த இடத்தில் மீட்டரைச் சோதியுங்கள், பிறகு வேலை பார்க்கும் லைனைப் பாருங்கள், மீண்டும் தெரிந்த இடத்தில் சோதியுங்கள் என்பதே.

எல்லா மீட்டரையும் பழுது பார்த்தே தீரவேண்டும் என்று நான் வாதாடவில்லை. பழைய மீட்டர்களில், அளந்ததை எண்ணாகக் காட்டும் 7106 என்ற 40 கால் ஐசி சில்லு இருந்தது. பழுதானால் கழற்றி வேறு போடலாம். இன்றைய மலிவு மீட்டர்களில் அந்தச் சில்லு ஒரு கறுப்புப் பிசின் பொட்டுக்கு அடியில் புதைந்திருக்கிறது. அது போனால் மீட்டரே போனதுதான். அவற்றில் பலவற்றில் 10 ஆம்பியர் துளைக்குப் பியூஸே கிடையாது என்று முகப்பிலேயே அச்சிட்டிருக்கும். அவற்றை மூன்று பேஸ் பேனல் பக்கம் கொண்டுபோகவே கூடாது.

ஆனால் நல்ல மீட்டர் வாங்கியவருக்குப் பியூஸும் லீடும் ஜீப்ரா பட்டையும் கிடைக்க வேண்டும் அல்லவா? ஒன்றிய அரசின் நுகர்வோர் துறை 2022 ஜூலையில் பழுதுபார்க்கும் உரிமைக்கென ஒரு குழு அமைத்து, வேளாண் கருவிகள், கைப்பேசிகள், வீட்டு உபயோகப் பொருட்கள், வாகனங்கள் ஆகிய நான்கு பிரிவுகளை எடுத்துக்கொண்டது. அந்தப் பொருட்களையெல்லாம் பழுது பார்க்கிறவர் கையில் இருக்கும் அளவுகருவி அந்தப் பட்டியலில் தனியாக இடம்பெறவில்லை. அதையும் சேர்க்க வேண்டும் என்று அரசையும், மாவட்டத் தலைநகர் ஒவ்வொன்றிலும் ஒரு விற்பனையாளரிடமாவது உதிரிபாகங்களை வைத்திருக்க வேண்டும் என்று தயாரிப்பாளர்களையும் கேட்டுக்கொள்கிறேன். பேட்டை அரசு தொழிற்பயிற்சி நிலையத்தில் எலக்ட்ரீஷியன் படிக்கும் மாணவர்களுக்கு, மீட்டரைத் திறந்து பியூஸ் பார்க்கவும், பழுதான பழைய மீட்டர்களிலிருந்து பாகம் எடுத்துப் பயன்படுத்தவும் ஒரு நாள் செய்முறைப் பயிற்சி தந்தாலும் பெரிய உதவியாக இருக்கும்.

அதுவரை, ஜங்ஷன் பகுதி எலெக்ட்ரிகல் கடைக்காரர்களிடம் தங்கள் நாளிதழ் வழியாக ஒரு வேண்டுகோள். பத்துக்கு 38 மில்லிமீட்டர் அளவில் 11 ஆம்பியர், பத்துக்கு 35 மில்லிமீட்டர் அளவில் 440 மில்லி ஆம்பியர், இரண்டும் 1,000 வோல்ட் பீங்கான் பியூஸ்கள். இவ்விரண்டிலும் ஒரு பெட்டி வாங்கி வையுங்கள். விலை கூடுதல்தான், மெதுவாகத்தான் விற்கும். ஆனாலும் வாங்க நாங்கள் வருவோம்.

இப்படிக்கு,
மோட்டார் பழுதுபார்க்கும் தொழிலாளி ஒருவர்,
சிந்துபூந்துறை, திருநெல்வேலி.