400 ஜிபியும் ஒரு ஸ்லாஷும்

அன்புள்ள செல்வம்,

கடிதம் கிடைத்தது. அம்மாவின் முழங்கால் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது பெரிய நிம்மதி. இங்கே எல்லோரும் சுகம்.

பழைய சர்வரில் இருக்கும் 400 ஜிபியைப் புதுசுக்கு மாற்ற, நெட்வொர்க் வழியே ஃபைலை நகலெடுக்கும் எஸ்சிபி கட்டளை போதுமா என்று கேட்டிருந்தாய். ஒன்றிரண்டு ஃபைலுக்குப் போதும். டைரக்டரி மரத்தையே மாற்ற வேண்டும் என்றால் வேண்டாம், இரண்டு இடங்களை ஒப்பிட்டு ஒத்திசைக்கும் ஆர்சிங்க் கருவியை எடு.

காரணம் சொல்கிறேன். 1995ல் ஹெல்சிங்கி தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தில் டாட்டு இலோனென், தொலைவிலுள்ள கணினிக்குள் பத்திரமாக நுழைய உதவும் எஸ்எஸ்எச் எழுதியபோது, பெர்க்லி யூனிக்ஸில் இருந்த ஆர்சிபி என்ற பழைய நகல் கருவியை மறைகுறியாக்கிய இணைப்புக்குள் ஓட விட்டார்கள். அதுதான் எஸ்சிபி. வழி பத்திரமானது, ஆனால் இரு கணினிகளும் பேசிக்கொள்ளும் முறை பழையதாகவே இருந்தது. கேட்ட ஃபைலுக்குப் பதிலாகக் கெட்ட சர்வர் வேறொன்றைத் தள்ளிவிட முடியும் என்பது 2019ல் வெளியே வந்தது. 2022 ஏப்ரலில் வந்த ஓபன்எஸ்எஸ்எச் 9.0 முதல், எஸ்சிபி என்று அடித்தாலும் உள்ளே ஓடுவது எஸ்எஃப்டிபி என்ற வேறொரு ஃபைல் பரிமாற்ற முறை. எதிர்முனையில் எஸ்எஃப்டிபி இல்லாத பழைய பெட்டி இருந்தால் நகல் தோற்கும். அங்கே மட்டும் கட்டளையோடு பெரிய ஓ (-O) என்ற விருப்பத்தைக் கொடுத்தால் பழைய முறைக்குத் திரும்பும்.

இன்னும் தொல்லை உண்டு. சின்ன ஆர் போட்டு டைரக்டரியை நகலெடுத்தால், எஸ்சிபி சிம்பாலிக் லிங்கை (வேறொரு ஃபைலைச் சுட்டும் குறுக்குவழி) லிங்காக வைக்காது. அது காட்டும் ஃபைலையே கொண்டுவந்து போடும். பாதியில் அறுந்தால் முதலிலிருந்து ஆரம்பிக்க வேண்டும். சின்ன பி கொடுக்காவிட்டால் எல்லா ஃபைலுக்கும் இன்றைய தேதி விழும். எஸ்எஸ்எச்சில் போர்ட்டுக்குச் சின்ன பி, எஸ்சிபியில் பெரிய பி என்பதையும் மறந்துவிடாதே.

முதலில், பாஸ்வேர்டு இல்லாமல் உள்ளே விடும் சாவி. எஸ்எஸ்எச் கீஜென்னில் ஈடி25519 வகைச் சாவி உண்டாக்கு, கடவுச்சொற்றொடர் கட்டாயம் வை. அந்தச் சாவி ஜோடியில் வெளியே கொடுக்கக்கூடிய பொதுச்சாவியைப் புதுச் சர்வரில் சேர்த்தபின்னும் பாஸ்வேர்டு கேட்டால், பெரும்பாலும் பெர்மிஷன்தான் காரணம்: டாட் எஸ்எஸ்எச் டைரக்டரி 700 (உனக்கு மட்டும் எல்லா உரிமையும்), பொதுச்சாவி இருக்கும் ஆத்தரைஸ்ட் கீஸ் ஃபைல் 600 (உனக்கு மட்டும் படிக்க, எழுத) இருக்க வேண்டும், ஹோம் டைரக்டரியில் குழுவுக்கு எழுதும் உரிமை இருக்கக் கூடாது. உன் பக்கம் காரணம் எதுவும் காட்டாது, சர்வரின் லாகைப் பார்த்தால்தான் தெரியும்.

முதல் இணைப்பில் சர்வருடைய சாவியின் சுருக்கமான கைரேகையைக் காட்டி "யெஸ்" (yes) அடிக்கச் சொல்லும். தயவுசெய்து கண்ணை மூடிக்கொண்டு அடிக்காதே. புதுச் சர்வரின் கன்சோலிலேயே உட்கார்ந்து, அதன் ஹோஸ்ட் பொதுச்சாவிமேல் கீஜென்னைச் சின்ன எல், சின்ன எஃப் கொடுத்து ஓட்டு. வரும் எழுத்துக்களை ஒப்பிடு. நடுவில் வேறொருவன் நின்றால் அவனைக் காட்டிக்கொடுப்பது இந்த ஒரு இடம்தான். இங்கே அசட்டையாக இருந்தால் மற்ற மறைகுறியாக்கத்துக்கு அர்த்தமே இல்லை.

இனி ஆர்சிங்க். சின்ன ஏ, பெரிய எச், கூடவே நியூமெரிக் ஐடிஸ் (உரிமையாளரைப் பெயரால் அல்ல, எண்ணால் வைப்பது). ஏ என்பது பெர்மிஷன், தேதி, உரிமையாளர், சிம்பாலிக் லிங்க் எல்லாம் பார்த்துக்கொள்ளும். ஹார்டு லிங்கை (ஒரே ஃபைலுக்கு இரண்டு பெயர்) பார்க்காது, அதற்குத்தான் எச். ஏசிஎல் (ஆளுக்கு ஆள் தனித்தனி அனுமதிப் பட்டியல்) இருந்தால் பெரிய ஏவும் சேர். பெறும் பக்கம் ரூட்டாக (முழு அதிகாரமுள்ள பயனராக) ஓடினால்தான் உரிமையாளர் சரியாக அமையும்.

ஸ்லாஷில்தான் பலரும் தடுக்கி விழுகிறார்கள். மூல டைரக்டரியின் பெயர் "டேட்டா" என்று வை. கடைசியில் ஸ்லாஷ் (/) இல்லை என்றால் போகும் இடத்தில் டேட்டா என்ற டைரக்டரியே உண்டாகும். ஸ்லாஷ் இருந்தால் அதன் உள்ளடக்கம் மட்டும் போய்ச் சேரும். இதோடு டெலீட் விருப்பமும் சேர்ந்தால் ஆபத்து: தவறான இடத்தைக் காட்டிவிட்டால், மூலத்தில் இல்லாதது எல்லாம் அங்கே அழிந்துபோகும். எனவே எப்போதும் முதலில் சின்ன என், சின்ன ஐ சேர்த்து ஒத்திகை பார். எதைச் செய்யப் போகிறது என்று வரிவரியாகக் காட்டும், எதையும் தொடாது.

100 எம்பிபிஎஸ் லைன் என்றால் 400 ஜிபிக்கு ஒன்பது பத்து மணி நேரம் ஆகும், ஒரு ஜிகாபிட் என்றால் ஒரு மணி நேரம் சொச்சம். உன் இணைப்பு அறுந்தாலும் வேலையை ஓடவிடும் டீமக்ஸுக்குள் ஓட்டு. பெரிய பி கொடுத்தால், அறுந்தாலும் பாதி வந்த ஃபைல் வீணாகாது. படமும் வீடியோவும்தான் அதிகம் என்றால் சுருக்கும் இசட் வேண்டாம், சிபியூதான் வீண்.

முதல் சுற்றை சர்வீஸ்கள் ஓடும்போதே முடித்துவிடு. பிறகு எல்லாவற்றையும் நிறுத்தி இரண்டாம் சுற்று. மாறியது மட்டும் போவதால் சீக்கிரம் முடியும். ஓடிக்கொண்டிருக்கும் டேட்டாபேஸின் ஃபைல்களை மட்டும் அப்படியே நகலெடுத்து நம்பாதே, டம்ப் (டேட்டாபேஸே உள்ளடக்கத்தை எழுதித் தரும் ஃபைல்) எடுத்து அனுப்பு.

"இஸ் யுவர் ஷெல் க்ளீன்" என்று பிழை வந்தால், பெரும்பாலும் எதிர்முனையின் பாஷ்ஆர்சியில் (ஷெல் தொடங்கும்போது ஓடும் ஃபைல்) யாரோ எக்கோ (திரையில் எழுதும் கட்டளை) எழுதி வைத்திருக்கிறார்கள். லாகின் ஆனதும் வரும் அந்த வரி ஆர்சிங்கின் பேச்சில் கலந்து குழப்புகிறது. எஸ்எஃப்டிபியும் இதனாலேயே படுக்கும்.

முடித்தபின் அதே கட்டளையில் சின்ன என், ஐ, சி சேர்த்து ஓட்டு. வழக்கமாக அளவையும் தேதியையும் மட்டும் பார்க்கும் ஆர்சிங்க், சி இருந்தால் இரண்டு பக்கமும் முழு ஃபைலையும் படித்து செக்சம் (உள்ளடக்கத்திலிருந்து கணக்கிடும் எண்) ஒப்பிடும். நேரம் பிடிக்கும், பொறு. எந்த ஃபைலின் பெயரும் வராவிட்டால் நகல் சரி. அதற்கு முன் பழைய டிஸ்க்கைத் தொடாதே.

இரண்டாம் சுற்றை எந்த இரவு வைத்துக்கொள்கிறாய் என்று எழுது. அன்றைக்குப் போனைப் பக்கத்திலேயே வைத்திருக்கிறேன்.

அன்புடன்,
ரவி