பாப்பாவைப் பத்து மாதம் பார்த்துக்கொண்டவர்களுக்கு

வணக்கம். நான் மதுரை மாட்டுத்தாவணி பூ மார்க்கெட்டில் கமிஷன் கடை வைத்திருக்கிறேன். சீட்டில் எடையும் விலையும் எழுதித்தான் பழக்கம், கடிதம் எழுதிப் பழக்கமில்லை. பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

என் மகள் 2022 ஆகஸ்டில் அமெரிக்காவின் மினசோட்டா மாநிலத்துக்குப் போனாள். ஒரு சின்ன ஊரில் ஒரு குடும்பத்தோடு தங்கி, அந்த ஊர் ஹைஸ்கூலில் ஒரு வருஷம் படித்தாள். 2023 ஜூனில் நல்லபடியாகத் திரும்பி வந்துவிட்டாள். ஊரே அவளைத்தான் பாராட்டுகிறது. அவள் பின்னால் நின்றவர்களை யாருக்கும் தெரியாது, அதனால்தான் இந்த மடல்.

முதலில், சென்னையிலிருந்து பஸ் ஏறி எங்கள் வீடு தேடி வந்த தன்னார்வலர் தம்பிக்கு. பள்ளிப் பிள்ளைகளை அமெரிக்காவில் ஒரு வருஷம் படிக்க வைக்கும், யெஸ் என்று சுருக்கமாகச் சொல்லும் கென்னடி–லூகர் திட்டம் 2002இல் தொடங்கியது, செலவு அமெரிக்க வெளியுறவுத் துறையுடையது, விமான டிக்கெட்டிலிருந்து மருத்துவ இன்சூரன்ஸ், கைச்செலவு வரை அவர்களே தருவார்கள் என்று பாப்பா சொன்னபோது, ஏதோ ஏமாற்று வேலை என்றுதான் நினைத்தேன். தங்க வைக்கும் குடும்பத்துக்குச் சம்பளம் கிடையாது என்று கேட்டதும் சந்தேகம் இன்னும் கூடியது. முப்பது வருஷம் மார்க்கெட்டில் நின்றவனுக்குக் காசு வாங்காத ஆளைக் கண்டால்தான் பயம்.

அந்தத் தம்பியும் பள்ளி வயதில் இப்படிப் போய் வந்தவராம். அந்த வீட்டில் 18 வயது நிரம்பிய ஒவ்வொருவர் மீதும் போலீஸ் வழக்கு ஏதாவது உண்டா என்று பார்ப்பார்கள், வெளியாட்கள் இரண்டு பேரிடம் குடும்பத்தைப் பற்றி விசாரிப்பார்கள், நேரில் போய் வீட்டைப் பார்ப்பார்கள், பிள்ளை போய்ச் சேர்ந்த பிறகு முதலில் பார்த்தவர் அல்லாத வேறொருவர் மறுபடியும் போவார் என்று ஒவ்வொன்றாகச் சொன்னார். என் மனைவி எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "அந்தப் புள்ள ரூம் கதவுக்கு உள்தாழ்ப்பாள் இருக்கா தம்பி?" என்றாள். அவர் சிரிக்கவில்லை. குறித்துக்கொண்டு போனார். இரண்டு நாள் கழித்துக் கதவின் படமே வந்துவிட்டது. அன்றைக்குத்தான் என் மனைவி சரி என்றாள். அவள் சொன்ன பிறகு நான் சொல்ல என்ன இருக்கிறது?

அடுத்து எங்கள் ஊர் ஆரம்ப சுகாதார நிலையத்து நர்ஸம்மா. தடுப்பூசி விவரம் இல்லாமல் அங்கே பள்ளியில் சேர்க்க மாட்டார்களாம். சின்ன வயதில் போட்ட ஊசிகளின் அட்டையை வீடு மாறும்போது தொலைத்துவிட்டோம். நர்ஸம்மா பழைய பதிவேடுகளை எடுத்து, இரண்டு சாயங்காலம் உட்கார்ந்து தேடிக் கண்டுபிடித்தார். 2017இல் பள்ளிக்கே வந்து போட்டார்களே தட்டம்மை–ரூபெல்லா ஊசி, அதுவும் இருந்தது. ஆனால் அவர்கள் கேட்டது பொன்னுக்கு வீங்கியும் சேர்ந்த ஊசி. சின்னம்மைக்கான ஊசியும் வேண்டும், அது நம் அரசு அட்டவணையில் இல்லை. வெளியே விலை கொடுத்துத்தான் போட்டோம், நாலு வாரம் இடைவெளி விட்டு இரண்டு தவணை. நாள் கணக்குப் போட்டு, "இன்னைக்கே முதல் ஊசியப் போட்டாத்தான் ரெண்டாவது சரியா வரும், கிளம்புங்க" என்று விரட்டியவரும் அவர்தான். அந்த விரட்டு இல்லையென்றால் பாப்பா விமானம் ஏறியிருக்க மாட்டாள்.

நடுவில் ஒரு கூத்து. பாஸ்போர்ட்டில் சர்நேம் என்று ஒரு கட்டம் இருக்கிறது. நமக்கு ஏது சர்நேம்? இனிஷியலை விரித்து என் பெயரைப் போட்டோம். அங்கே பள்ளிப் பதிவில் முன்பின் மாறிப்போய், வாத்தியார்கள் எல்லாரும் முதல் வாரம் முழுக்க என் மகளை என் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டிருக்கிறார்கள். "அப்பா, உன் பேருக்கு நான் பிரசன்ட் சொல்றேன்" என்று போனில் சிரித்தாள். பள்ளிக் கவுன்சலர் ஒரே நாளில் சரிசெய்து கொடுத்தாராம். பாடம் தேர்வு செய்வதிலும் அவர்தான் துணை. அவருக்கும் நன்றி.

இனி நான் முக்கியமாகச் சொல்ல வந்தவரைப் பற்றி. அந்த ஊரில் பாப்பாவுக்கென்று பொறுப்பு எடுத்துக்கொண்ட உள்ளூர் ஒருங்கிணைப்பாளர். நூலகத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர், அதனால் எங்கள் வீட்டில் அவருக்கு லைப்ரரி அம்மா என்று பெயர். பிள்ளை தங்கும் வீட்டிலிருந்து 120 மைலுக்குள் இப்படி ஒருவர் இருந்தாக வேண்டும், மாதம் ஒரு முறையாவது பிள்ளையிடமும் குடும்பத்தாரிடமும் பேசியாக வேண்டும் என்பது அவர்கள் சட்டம். லைப்ரரி அம்மா இருந்தது இருபது நிமிஷத் தூரத்தில். சட்டம் கேட்டதைவிட அதிகமாகவே வந்து போனார்.

செப்டம்பரில் அவர் வந்தபோது பாப்பா இளைத்திருப்பதைக் கவனித்திருக்கிறார். குடும்பத்தாரைக் கேட்டால், "கொஞ்சமாகத்தான் சாப்பிடுவாள், நல்ல பெண்" என்கிறார்கள். பாப்பாவைக் கேட்டால், "எல்லாம் நன்றாக இருக்கிறது" என்கிறாள். அவர் அதோடு விடவில்லை. காரில் வெளியே கூட்டிப்போய், தனியாக உட்கார வைத்து, நேற்று ராத்திரி சாப்பாட்டு மேசையில் யார் என்ன சொன்னார்கள் என்று வரிசையாகக் கேட்டிருக்கிறார். அப்போதுதான் விஷயம் பிடிபட்டது.

நம் வீட்டில் விருந்தாளி முதல் தடவை "போதும்" என்றால் அதற்குப் போதும் என்று அர்த்தமில்லை. இரண்டாம் தடவை கேட்க வேண்டும், மூன்றாம் தடவை கேட்காமலே இலையில் வைத்துவிட வேண்டும். இதில் வளர்ந்த பிள்ளை அங்கேயும் முதல் தடவை "வேண்டாம்" என்றிருக்கிறாள். அவர்கள் வேண்டாம் என்றால் வேண்டாம்தான் என்று பாத்திரத்தை மூடிவிட்டார்கள். ஃப்ரிட்ஜைத் திறந்து எடுத்துக்கொள் என்று முதல் நாளே சொல்லியும் இருக்கிறார்கள். அடுத்தவர் வீட்டு அடுக்களையில் கை வைக்கக் கூடாது என்றல்லவா நாம் சொல்லி அனுப்பினோம்? இப்படியே மூன்று வாரம் அரை வயிறு. தப்பு யார் மேல்? யார் மேலும் இல்லை. அந்தக் குடும்பத்தார் இதைக் கேள்விப்பட்டு அழுதுவிட்டார்களாம். அன்றிலிருந்து அந்த வீட்டு அம்மா மூன்று தடவை கேட்பதை ஒரு விளையாட்டாகவே ஆக்கிக்கொண்டார். பாப்பாவும் முதல் தடவையிலேயே "கொடுங்கள்" என்று சொல்லப் பழகிவிட்டாள். இங்கே வந்தும் அப்படியேதான் கேட்கிறாள். அவள் பாட்டிக்குத்தான் கொஞ்சம் அதிர்ச்சி.

இது எனக்குத் தெரிய வந்ததும் நான் செய்ததைச் சொல்ல வெட்கமாக இருக்கிறது. அங்கே பள்ளி விட்டு அவள் வீடு வரும் நாலு மணி, இங்கே விடிகாலை இரண்டரை. நான் மார்க்கெட்டுக்குக் கிளம்பும் நேரம். வசதியாகப் போயிற்று. தினமும் போன். சாப்பிட்டாயா, என்ன சாப்பிட்டாய், யார் என்ன சொன்னார்கள் என்று ஒரு மணி நேரம். லோடு இறங்கும் சத்தத்துக்கு நடுவிலும் வண்டியில் உட்கார்ந்து பேசிக்கொண்டே இருப்பேன். ஒரு நாள் கோபத்தில் திட்டக்காரர்களின் 24 மணி நேர அவசர எண்ணுக்கே அடித்து, பிள்ளையைத் திருப்பி அனுப்புங்கள் என்று தமிழும் இங்கிலீஷும் கலந்து கத்தினேன். அந்தப் பக்கம் இருந்தவர் முழுசும் கேட்டார், குறுக்கே பேசவில்லை. மறுநாள் சென்னைத் தம்பி கூப்பிட்டார்.

"அண்ணே, கோவிச்சுக்காதீங்க. பாப்பா ஸ்கூல் விட்டதும் பிள்ளைகளோட எங்கயும் போறதில்ல. நீங்க கூப்பிடுவீங்கன்னு ரூம்ல உட்கார்ந்திருக்கு. போனை வச்சா அழுகுது. வாரத்துக்கு ஒரு நாள் பேசிப் பாருங்க" என்றார்.

பெற்ற அப்பனிடம் போனைக் குறை என்று சொல்ல எவ்வளவு தைரியம் வேண்டும்! நான் நாலு வார்த்தை திட்டவும் செய்தேன். அவர் அதையும் வாங்கிக்கொண்டு, "சரிண்ணே, ஒரு மாசம் மட்டும்" என்றார். ஞாயிறு ஒரு நாள் என்று முடிவானது. முதல் இரண்டு வாரம் இரண்டரை மணிக்குப் போனைக் கையில் வைத்துக்கொண்டு திண்ணையில் உட்கார்ந்திருந்தேன். அப்புறம் நவம்பரில் அங்கே குளிர்காலத்துக்கென்று கடிகாரத்தை ஒரு மணி நேரம் பின்னால் தள்ளினார்கள். அவள் பள்ளியில் கோரஸ் பாட்டில் சேர்ந்தாள். ஒரு ஞாயிறு நான் கூப்பிட்டபோது, "அப்பா, வெளிய இருக்கேன், அப்புறம் பேசவா?" என்றாள். சுருக்கென்றுதான் இருந்தது. ஆனால் குரலில் தெம்பு இருந்தது. மற்ற எல்லா உதவியையும்விட, தம்பி, அந்த ஒரு போனுக்குத்தான் உங்களுக்கு நான் கடன்பட்டிருக்கிறேன். திட்டியதற்கு மன்னிப்பும் இதிலேயே கேட்டுக்கொள்கிறேன்.

குளிர் பற்றி அதிகம் எழுதவில்லை. மார்கழிப் பனிக்கே இங்கே மல்லிகை வரத்துக் குறைந்து கிலோ ஆயிரங்களில் போகும். அதே மார்கழியில் அங்கே மைனஸ் இருபதுக்கும் கீழே. லைப்ரரி அம்மா தெரிந்தவர்களிடம் கேட்டு கனமான கோட்டும் பனி பூட்ஸும் வாங்கிக் கொடுத்திருந்தார். பிப்ரவரியில் பாப்பா ஐஸில் வழுக்கிக் கணுக்கால் பிசகியபோதும், ஆஸ்பத்திரியில் எக்ஸ்ரே எடுத்து முடியும்வரை கூடவே இருந்து, இன்சூரன்ஸ் அட்டை வேலையெல்லாம் முடித்து, எலும்பு முறியவில்லை என்று தெரிந்த பிறகு எனக்குப் படத்தோடு தகவல் அனுப்பினார். முதலில் கட்டுப் போட்ட கால், அடுத்து அவள் சிரிக்கும் முகம். அந்த வரிசையை மாற்றி அனுப்பியிருக்கலாம் என்பதுதான் அவர் மேல் என் ஒரே புகார்.

ஒரு வருஷம் வீணாகிறதே என்று சொந்தக்காரர்கள் ஆளாளுக்குச் சொன்னபோது, "வரட்டும், பிளஸ் ஒன்னில் அவளுக்கு இடம் இருக்கும்" என்று சொல்லி, சொன்னபடியே அந்த ஜூனில் சேர்த்துக்கொண்ட தலைமையாசிரியை அவர்களுக்கும் நன்றி.

பாப்பாவைத் தங்க வைத்த குடும்பத்தாருக்கு என்ன சொல்வதென்று தெரியவில்லை. இதை அவளே இங்கிலீஷில் மாற்றிப் படித்துக் காட்டுவாள். மல்லிகைப்பூ அனுப்ப முடியுமா என்று கேட்டிருந்தீர்கள். ஐஸ் வைத்துக் கட்டி அனுப்பினாலும் உங்கள் வீடு வந்து சேர்வதற்குள் பழுத்துவிடும் அம்மா. நீங்கள்தான் வர வேண்டும். சித்திரைத் திருவிழாவுக்கு வந்தால் கூட்டம் அதிகம், ஆனாலும் வாருங்கள். லைப்ரரி அம்மாவையும் கூட்டி வாருங்கள். விடிகாலையில் கடைக்கு வந்தால் வலையங்குளத்துப் பூ மூட்டை பிரிக்கும்போதே பார்க்கலாம். சாப்பாடு எங்கள் வீட்டில். ஒரு தடவைதான் கேட்பேன், பயப்பட வேண்டாம் என்று பாப்பா சொல்லச் சொல்கிறாள். அவள் அம்மா அதற்கு ஒத்துக்கொள்ளவில்லை.

இப்படிக்கு,
பாப்பாவின் அப்பா,
மாட்டுத்தாவணி பூ மார்க்கெட், மதுரை